ஐந்து பூனைக்கான நேரம்

இருபத்திரண்டு நாளாய் நான் பார்க்கிறது
ஆறாம் வார்டின் கூரையை.
ஓடு தாங்கும் வளைகள் ஒன்பது,
சுழலாத மின்விசிறி ஒன்று,
காகம் எப்போதோ செருகிவிட்டுப் போன நைலோன் நூல்.
டச்சுக் குடாவின் அலை காதுக்கு வரும், கண்ணுக்கு வராது.
கோட்டை மான் ஒன்று வாசல்வரை வந்து
யாருடையதோ சோற்றுப் பார்சலைத் தின்றதாம்.
சொன்னார்கள். சிரித்தேன். சிரித்தால் நோகும்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை
நாலு பேர் வந்து என்னைத் திருப்புவார்கள்.
சிஸ்டர் தில்ருக்ஷி தலைமாட்டில் நின்று எண்ணுவார்:
எக்காய், தெக்காய், துனாய்.
தோளும் இடுப்பும் ஒரே கணத்தில், ஒரே கோணத்தில்.
இடுப்பில் ஒரு பாகைகூட முறுகக் கூடாது.
மரக்கட்டை உருட்டுவது என்றுதான் அதற்குப் பேர்.

நேற்றுப் பின்னேரம் மேட்ரன் விழுந்தது.

மேட்ரன் என்றால் பூனை. அரைக் காது, சாம்பல் வரி,
கன்ரீன் மீன்தலையில் வளர்ந்த உடம்பு.
பல்லியைத் துரத்தி நாலாவது வளையில் ஓடிவந்து
பின்கால் வழுக்க,
முதுகு கீழே, வயிறு மேலே,
என் கண்ணுக்கு நேரே வந்தது.
நான் கண் சிமிட்டவில்லை. அதனால் சொல்கிறேன்:

முதலில் இடுப்பில் மடிந்தது,
ஒரு பூனை இரண்டு பூனையானது.
முன்பூனை கைகளை முகத்தோடு ஒடுக்கிக்கொண்டது.
பின்பூனை கால்களை அகல விரித்தது.
ஒடுங்கியது சுலபமாய்ச் சுழலும்,
விரிந்தது சுழலச் சோம்பும்.
முன்பாதி விறுக்கெனத் திரும்பியபோது
பின்பாதி எதிர்ப்பக்கம் கொஞ்சமே கொஞ்சம் விலகியது.
பிறகு மாறிச் செய்தது.
கை நீண்டது, கால் ஒடுங்கியது,
பிந்திய இடுப்பு சுற்றிவந்து சேர்ந்துகொண்டது.
நாலு காலும் சீமெந்தில்.
என்னை ஒரு பார்வை, அவ்வளவுதான்.

வலச்சுழற்சியும் இடச்சுழற்சியும்
கணத்துக்குக் கணம் ஒன்றையொன்று தின்று
கணக்கு பூச்சியத்திலேயே நின்றது.
பூச்சியத்தில் தொடங்கி, பூச்சியத்தில் முடித்து,
நடுவில் நூற்றெண்பது பாகை!
உயர்தரத்தில் பௌதிகவியலுக்கு எனக்கு எஸ்.
கோண உந்தக் காப்புவிதியை எழுதி
கீழே இரட்டைக் கோடும் போட்டவன்.
காப்பது என்றால் கட்டிப்போடுவது
என்றுதான் அன்று விளங்கியிருந்தது.

பக்கத்துக் கட்டில் அயாத்து, கிண்ணியா.
அட்டை பிடிக்க ஆழம் போய்
அவசரமாய் மேலே வந்ததில் கால் மரத்துப்போனவன்.
கேட்டான்:
"தண்ணிக்குள்ள திரும்புறதெண்டா தண்ணிய உதைக்கலாம் மச்சான்.
காத்துக்குள்ள அது எத உதைச்சது?"
தன்னைத்தான், என்றேன்.
கொஞ்சநேரம் பேசாமல் கிடந்தான்.
"அது நாம எல்லாரும் செய்யிறதுதானே."

உவர்மலைக் கோபுரத்தில் நான் நின்ற தட்டு
பதினொரு மீற்றர்.
இடுப்பில் பட்டி இருந்தது. கொழுக்கி மாட்டியிருக்கவில்லை.
பதினொரு மீற்றருக்கு ஒன்றரைச் செக்கன்.
பூனைக்கு வேண்டியது அதில் ஐந்தில் ஒன்று.
ஐந்து பூனை திரும்புகிற நேரம் எனக்கு இருந்தது.
அந்த நேரத்தில் நான் செய்தது:
கையிலிருந்த ஸ்பானரை இறுக்கிப் பிடித்தேன்.
உள்துறைமுகம் நீலத் தகடாய்ச் சரிவதைப் பார்த்தேன்.
இம்மாத லீசிங் காசை நினைத்தேன் என்பதும் உண்மை.
உடம்பை விறைத்துக்கொண்டேன்.
சுழலாமல் புறப்பட்ட விறைத்த உடம்பு
சுழலாமலே போய்ச் சேரும்.
அதற்கும் அதே விதிதான், அதே இரட்டைக் கோடுதான்.

திரும்புகிற வித்தை முழுவதும்
முறுகுகிற இடுப்பில் இருக்கிறது.
எனக்கு மட்டும் அது தடை, ஆறு கிழமைக்கு.
துண்டில் எழுதி தலைமாட்டில் ஒட்டியும் இருக்கிறதாம்.

இரவு இரண்டு மணித் திருப்பல் முடிந்து
நாலு பேரும் போய்விட்டார்கள்.
லைட் அணைந்தபின் அயாத்து மெல்லச் சொன்னான்,
"மேட்ரன் வந்து உன்ர காலில படுத்திருக்கு."

"எந்தக் காலில்?"
என்று கேட்டேன்.